பேசாமல் வாசித்த ஸ்டென்சில் அக்கா

மந்தைவெளியிலிருந்து அடையாறு வரைக்கும் எங்கள் சபை மூப்பர் ஐயாவின் குரலுக்கு நடுங்காத ஜீவன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் உயரம் நாலடி பத்தங்குலம். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த அக்கா தி.நகரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். டைப்ரைட்டரில் ஸ்டென்சில் தாள் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் நகல் ஓட்டுவது வேலை. அதனால் ஸ்டென்சில் அக்கா. சொந்தப் பெயர் ஒன்று சபைப் பதிவேட்டில் இருந்தது. அதற்கு வந்த கதியைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் சபைக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் பிரிவு வரும் என்று முன்னோர்கள் முடிவு செய்திருந்தார்கள். "நாங்கள் வெறும் கிறிஸ்தவர்கள்" என்பதுதான் எங்கள் இயக்கத்தின் ஒரே முழக்கம். அப்படிப் பிரிவே வேண்டாம் என்று புறப்பட்டவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மந்தைவெளிக்காரர்கள் திருவிருந்தில் திராட்சரசத்தை ஒரே வெள்ளிக் கிண்ணத்திலிருந்து எல்லோரும் பருக வேண்டும் என்றார்கள். அடையாற்றுக்காரர்கள் ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம் என்றார்கள். நடுவில் ஒரு ஆறு ஓடியது வசதியாகப் போயிற்று. நாற்பது வருஷமாக ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை. அக்காவின் கூடப்பிறந்த தங்கை அடையாற்றுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அந்தக் கல்யாணத்துக்கு மந்தைவெளியிலிருந்து போன ஒரே ஆள் அக்காதான்.

நான் அப்போது மந்தைவெளிச் சபைக்குச் செக்ரட்டரி. வயது முப்பது. மூப்பர் ஐயா சொன்னதை எழுதுவதும், எழுதியதை அவரிடமே நீட்டிக் கையெழுத்து வாங்குவதும் என் ஊழியம்.

மூப்பர் ஐயா ரயில்வேயில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஜெபம் செய்தால் தெருக்கோடியில் மாடு திரும்பிப் பார்க்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்காவின் விரல்களைக் காட்டி அதட்டினார்.

"என்ன சகோதரி இது? தேவனுடைய வீட்டுக்கு நகப்பூச்சு போட்டுக்கிட்டா வர்றது?"

அது ஸ்டென்சிலில் பிழை விழுந்தால் தடவுகிற சிவப்புத் திரவம். அக்கா பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"நகப்பூச்சு இல்லீங்க ஐயா. தப்பைத் திருத்துற மருந்து. உங்களுக்குக் கொஞ்சம் கொண்டாரவா?"

சபையே இருமியது. சிரிப்பை மறைக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அக்காவுக்கு இருந்த ஒரே பைத்தியம் புத்தகம். அதுவும் எங்கள் இயக்கத்தின் பழைய புத்தகங்கள். இரண்டு பக்கத்திலும் இருந்த விதவைகளின் வீடுகளுக்கு ஒன்று விடாமல் போய், "உங்க வீட்டுக்காரர் வெச்சிருந்த பழைய பேப்பர் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பார். லஸ் முனையில் நடைபாதைக் கடைகளில் உட்கார்ந்து குடைவார். பாட்டுப் புத்தகங்கள், நின்றுபோன மாதப் பத்திரிகைகள், ஊழியர்கள் எழுதிய கடிதங்கள் என்று அவர் வீட்டில் ஆள் படுக்க இடமில்லை. கடைசியில், செத்துப்போன ஒரு பழைய செக்ரட்டரியின் வீட்டுப் பரணிலிருந்து, சபை பிரிந்த காலத்துக் கூட்டக் குறிப்புகள் எழுதிய மினிட் புத்தகமே அவர் கைக்கு வந்துவிட்டது.

உடனே ஒரு அறிவிப்பு செய்தார். மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் புத்தகக் கூட்டம். இரண்டு சபையாரும் வரலாம். பழைய ஏடுகளைச் சேர்ந்து வாசிக்கலாம், நாம் எங்கிருந்து வந்தோம் என்று பார்க்கலாம்.

மூப்பர் ஐயா கொதித்துப் போனார். "சபையில் ஸ்திரீகள் பேசக்கூடாது, தெரியாதா?"

"நான் எங்கீங்க பேசப்போறேன்? வாசிக்கத்தான் போறேன். வாசிக்கக் கூடாதுன்னு வேதத்துல எங்க போட்டிருக்குன்னு காட்டுங்க, அதையும் வாசிச்சுடறேன்."

அன்றே பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. நீக்கல் கடிதத்தை நான்தான் எழுதினேன், நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாசலிலேயே நின்று படித்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"செக்ரட்டரி தம்பி, மூணு இடத்துல ஒற்று விட்டிருக்கீங்க. 'கண்டிக்க தக்க' இல்ல, 'கண்டிக்கத் தக்க'. இப்படியா ஒருத்தியைத் தள்ளி வைக்கிறது? உள்ள வந்து உக்காருங்க, சரி பண்ணித் தரேன்."

அடுத்த ஞாயிறு இரண்டு சபை வாசலிலும் என் கடிதம் பிழை திருத்தி, சைக்ளோஸ்டைலில் நூறு நகலாக விநியோகம் ஆயிற்று. அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "மேற்படி கண்டிக்கத் தக்க கூட்டம் வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கு. அனைவரும் வருக."

இரண்டு பக்கத்திலும் இடம் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். அக்காவின் ஆபீஸில் கூட வேலை பார்த்த மாமி ஒருத்தர் மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் இருந்தார். "எங்காத்து ஹால் சும்மாத்தானே கெடக்கு. பேஷா வந்து வாசிச்சுண்டு போங்கோ" என்று கதவைத் திறந்துவிட்டார்.

வேவு பார்க்க என்னை அனுப்பினார் மூப்பர் ஐயா. பத்துப் பேர் இருப்பார்கள் என்று போனால் நாற்பது பேர். மந்தைவெளி இடது சுவரோரம், அடையாறு வலது சுவரோரம். நடுவில் ஒரு ஜமக்காளம் யாரும் உட்காராமல் கிடந்தது. மாமி காபி கொண்டுவந்தார். இருந்ததோ பதினோரு டம்ளர். கழுவிக் கழுவித்தான் எல்லோருக்கும் வரவேண்டும்.

"ஒண்ணு சொல்லிடறேன். எங்காத்துல தூக்கித்தான் குடிக்கணும். வாய் வெச்சுக் குடிக்கப்படாது."

கிண்ணத்தில் யார் வாய் படுவது என்று நாற்பது வருஷம் சண்டை போட்ட ஜனங்கள், யார் வாயும் எதிலும் படாமல் அண்ணாந்து காபி குடித்தார்கள். பழக்கமில்லாமல் பாதிப் பேருக்குச் சட்டை நனைந்தது. ஒருவர் சட்டையைப் பார்த்து எதிர்ச் சுவர்க்காரர் சிரித்தார். அவ்வளவுதான், ஜமக்காளம் நிரம்பிவிட்டது.

அக்கா மினிட் புத்தகத்தைத் திறந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். மூப்பர் ஐயா!

"யார் குடுத்த அதிகாரத்துல இதெல்லாம் நடக்குது?"

அக்கா பதில் சொல்லவில்லை. வாசித்தார். "'கிண்ணத்தில் ஓட்டை விழுந்தபடியால் பற்றவைக்கக் கொடுத்திருக்கிறது. மூன்று வாரமாக டீக்கடையில் இரவல் வாங்கிய சிறு கண்ணாடி டம்ளர்களில் திருவிருந்து நடந்தது. எல்லோரும் சமாதானமாகப் பங்குபெற்றோம்.' எழுதினவர் யாருன்னு நீங்களே பாருங்க ஐயா."

ஐயாவின் அப்பா கையெழுத்து. பிற்பாடு ஒற்றைக் கிண்ணத்துக்காகச் சபையை உடைத்த அதே அப்பா.

அதோடு ஒரு கடிதமும் ஒட்டியிருந்தது. பிரிந்து ஒரு வருஷம் கழித்து அடையாற்றுத் தலைவர் எழுதியது. "கிண்ணம் எதுவானாலும் சரி, திரும்பி வருகிறோம்" என்று இருந்தது. மேலே ஐயாவின் அப்பா குறித்திருந்தார்: "பதில் பிறகு யோசிக்கலாம்." பதில் போகவேயில்லை.

மூப்பர் ஐயா அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். புத்தகத்தை மூடி, "இது சபைச் சொத்து" என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார்.

"எடுத்துட்டுப் போகட்டும். நூறு காப்பி ஓட்டிட்டேன்" என்றார் அக்கா.

கூட்டத்தைத் தடுக்காத குற்றத்துக்காக அந்த வாரமே என் செக்ரட்டரி பதவி போயிற்று. அடுத்த மாதக் கூட்டத்தில் கூசாமல் முன்வரிசையில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு மூப்பர் ஐயா வந்தார். கூடவே அவர் மனைவி. கையில் ஒரு தாள்.

"பதில் எழுதிட்டு வந்திருக்கேன்" என்றார். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகவும் வரும் என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. "அந்தக் கடிதாசி எழுதினவர் மகன் இங்க இருக்காரா?"

அடையாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். அதற்குள் அக்கா தாளை வாங்கிக் கண்ணால் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு பிழை இருக்கு ஐயா. பரவாயில்ல, அப்படியே வாசிங்க."

எனக்குத் தெரிந்து அவர் பிழையைத் திருத்தாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

சபைகள் ஒன்றாகவில்லை. கிண்ணம் கிண்ணமாகவும் குட்டிக் கிண்ணம் குட்டிக் கிண்ணமாகவும்தான் இருந்தன. ஆனால் கல்யாணப் பத்திரிகைகள் ஆற்றைத் தாண்டின. புத்தகக் கூட்டம் பல வருஷம் நடந்தது. அக்காவின் பெயர் மட்டும் பதிவேட்டில் ஏறவேயில்லை. மனு எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது கமிட்டி. "நான் போனாத்தானே திரும்பி வர்றதுக்கு?" என்று கேட்டுவிட்டு ஞாயிறுதோறும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். கிண்ணம் வந்தபோது அவருக்கு நீட்டியவர் மூப்பர் ஐயாவின் மனைவி. யாரும் தடுக்கவில்லை.

ரிட்டயர் ஆனதும் நங்கநல்லூரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனார். சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஏழு டிரங்குப் பெட்டி. முதல் பெட்டியைத் தூக்கிய லாரிக்காரர் திணறினார்.

"இன்னாம்மா இது, உள்ள பூரா கல்லா கீது?"

"கல்லு இல்ல நைனா. எங்க ஜனங்களோட சண்டை. பாத்து வையி, உடைஞ்சிடப் போவுது."

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. டிரைவருக்கு வழி சொல்வதில் மும்முரமாக இருந்தார். லாரி தெருமுனை திரும்பிக் கண்ணுக்கு மறைந்த பிறகும் நான் கையை ஆட்டிக்கொண்டே நின்றிருந்தேன்.