ராசியில்லாத கையும் எட்டுத் தக்காளியும்

“தொடாதே! அந்தக் கூடையைத் தொடாதேன்னு எத்தனை தடவை...”

“தொடாம எப்படி அத்தை சமைக்கிறது? வாயால ஊதியா...”

“நீ சமைக்கவே வேணாம். உன் கை பட்டுத்தான் வாரா வாரம் தக்காளி அழுகுது. வாடாவரத்தாரே சொல்லிட்டார்!”

வாடாவரத்தாரைத் தெரியாதவர் அந்தத் தெருவில் இல்லை. கடைத்தெரு மாடியில் வாடகை ஹால். படிக்கட்டு வரை கூடையும் கையுமாகக் கூட்டம். அவர் சிவப்புத் துணியை மந்திரித்துக் கொடுப்பார். அதன்மேல் தக்காளியைக் காம்புப் பக்கம் கீழே வருமாறு ‘தலை வணங்க’ வைக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. கழுவக் கூடாது. பத்து நாள் கெடாது. கெடவும் இல்லை, அடடா! கெட்டால்? அந்த வீட்டில் யாருக்கோ கை ராசியில்லை. தோற்கவே வழியில்லாத தெய்வீகம்!

இந்த வீட்டில் மட்டும் கெட்டது. மாமியார் சுத்தம் பார்க்கிற மனுஷி. தக்காளியைப் பளபளவென்று கழுவி, ஈரத்தோடு பாலிதீன் பையில் போட்டு இறுக்கி முடிந்து, மூட்டையைத் துணியின்மேல் குந்த வைப்பார். பழி மருமகள் தலையில். ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். ராசி திரும்பினால் கூப்பிடுவார்களாம். கணவன் செய்தித்தாளுக்குள் ஒளிந்திருந்தான்.

அந்தத் தாளைத்தான் அவள் பிடுங்கினாள்.

ஞாயிறன்று பெட்டியோடு நேரே ஹாலுக்குப் போனாள். பின்னாலேயே மாமியார்.

“ஐயா, ஆறு நாளைக்கு முன்னாடி நாலு நாலு தக்காளியா ரெண்டு பங்கையும் இதே கைதான் வெச்சது. இது எங்க அத்தை வழக்கப்படி, உங்க துணி மேல.” பையை அவிழ்த்தாள். முன்வரிசை மூக்கைப் பொத்தியது. “இது கழுவாம, காம்புப் பக்கம் கவுத்து, வெறும் பேப்பர் மேல.” நாலும் கிண்ணென்று இருந்தன.

வாடாவரத்தார் கனைத்தார். “பேப்பருக்கும் என் அருள் உண்டும்மா.”

“அப்போ துணிக்கு ஏன் இல்லாமப் போச்சு?” என்றார் ஒரு தையல்காரர்.

“காம்பு இருந்த பள்ளம் வழியாத்தான் பூஞ்சை உள்ளே போகுது, உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வருது. கவுத்து வெச்சா அடைபட்டுடும். ஈரத்தோட பையில முடிஞ்சா அழுகிடும். அவ்வளவுதாங்க மந்திரம்” என்றாள் மருமகள்.

சிவப்புத் துணிகள் மேடையை நோக்கிப் பறந்தன. வாடாவரத்தார் பின்கதவு வழியாக மறைந்தார். செருப்பு மட்டும் அருள்பாலித்துக்கொண்டிருந்தது.

மாமியார் பெட்டியைக் கையில் வாங்கினார். “சரி சரி, வா வீட்டுக்கு. சமையலுக்கு நேரமாச்சு.”

“வர்றேன் அத்தை. ஆனா என் கைக்கு ராசியில்லைன்னு அவர் சொன்னாரே, ஒரே ஒரு தக்காளியை வெச்சாவது அது நெஜமான்னு பார்ப்போம்னு உங்கள்ல ஒருத்தருக்குக்கூட ஏன் தோணல?”