மச்சானின் மண்ணீரலும் துரித சிகிச்சை ஆராய்ச்சியும்

அடிபட்டு வருகிறவர்களைச் சீக்கிரம் கவனித்தால் பிழைப்பார்களா, சாவகாசமாகக் கவனித்தால் பிழைப்பார்களா என்ற ஐயம் பெரிய ஆஸ்பத்திரியின் மேலிடத்துக்கு ஏற்பட்டது. நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஐயம் வராது, படிப்பு போதாது. அவர்கள் படித்தவர்கள். ஆகவே ஆராய்ச்சி தொடங்கினார்கள்.

அவசர சிகிச்சைக் கூடத்தை, நடுவில் ஒரு நடை விட்டு, இரண்டாகப் பிரித்தார்கள். இடப்பக்கம் துரிதப் பிரிவு: புதுக் கட்டில், குளிர்சாதனம், சுவரில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு கடிகாரம். வலப்பக்கம் வழக்கப் பிரிவு: பழைய கட்டில், பழைய மின்விசிறி, பழைய சர்ஜன். யாருக்கு எந்தப் பக்கம் என்பதை ஒட்டி வைத்த உறை ஒன்று தீர்மானிக்கும். பாரபட்சம் கூடாது பாருங்கள்.

இப்படி எல்லாம் சிறப்பாக நடந்துகொண்டிருந்தபோதுதான் லாரி மெக்கானிக் தன் மச்சானை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். மச்சான் விளம்பரப் பலகை எழுதுகிறவன். சாரத்திலிருந்து நழுவி, இடது விலா இரும்பு வேலியில் மோதும்படி விழுந்திருந்தான். வெளியே பெரிய காயம் இல்லை. ஆனால் முகம் சுண்ணாம்பாக வெளுத்து, வயிறு மெல்ல மெல்ல உப்பிக்கொண்டிருந்தது.

உறையைப் பிரித்தார்கள். "வழக்கம்" என்றிருந்தது.

மெக்கானிக்கிற்குக் கொதித்தது. அந்த ஆஸ்பத்திரிமேல் அவருக்குப் பழைய கோபங்கள் நிறைய உண்டு. ஒவ்வொன்றையும் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

"அதென்ன, எங்க வீட்டு ஆளுன்னா மட்டும் பழைய கட்டிலா? என் சகலை யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

சகலை அங்கே லிஃப்ட் ஓட்டுகிறவர். பெரிய பெரிய டாக்டர்களையே மேலே ஏற்றி இறக்குகிற செல்வாக்கு. அவர் வந்து யார் காதிலோ ஒரு வார்த்தை போட்டார். அடுத்ததாக வந்த கொத்தனாரின் உறை மச்சானுக்கும், மச்சானின் உறை கொத்தனாருக்கும் மாறின. கொத்தனாருக்கும் வயிற்றில்தான் அடி. ஆனால் அவருக்குச் சகலை இல்லை.

துரிதப் பிரிவில் கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்கள் கூட்டமாக வந்து மச்சானைச் சூழ்ந்து நின்றார்கள். ஒருவரும் தொடவில்லை.

"ஏங்க, யாராச்சும் வயித்தத் தொட்டுப் பாருங்களேன்!"

"பொறுங்கள். கடிகாரம் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை," என்றார் ஆராய்ச்சி அதிகாரி.

"வயித்துக்கும் கடிகாரத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"நோயாளி வந்ததிலிருந்து கத்தி வைக்கும் வரை எத்தனை நிமிடம் என்பதே நமது ஆராய்ச்சி. நிமிடம் குறைந்தால்தான் துரிதம். ஆகவே தியேட்டர், ரத்தம், மயக்க மருந்து எல்லாம் தயாரான பிறகே கடிகாரத்தை ஓட விடுகிறோம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரை நோயாளி வரவில்லை."

"இதோ படுத்துக் கிடக்கிறானே!"

"படுத்திருக்கிறார். வரவில்லை."

"அத்தான்," என்று முனகினான் மச்சான், "நான் வந்துட்டேன்னு சொல்லுங்க அத்தான்."

மெக்கானிக் அதிகாரியை மறித்து நின்றார். வீட்டில் மனைவிக்கு இவன் ஒரே தம்பி. "இவன் வராமலே செத்துட்டா என்ன சார் பண்ணுவீங்க?"

"வராதவர் இங்கே எப்படி இறக்க முடியும்? துரிதப் பிரிவில் இதுவரை ஒரு சாவு கூட இல்லை," என்று அதிகாரி பெருமையோடு சொன்னார்.

அப்போது எதிர்ப்பக்கம் கொத்தனாரைத் தையல் போட்டு வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அந்த ஆளு எங்களுக்கு அப்புறம் வந்தவருதானே? அதுக்குள்ள எப்படி முடிஞ்சுது?"

"அந்தப் பக்கம் ஆராய்ச்சி வசதி கிடையாது. பாவம், வந்தவுடன் அறுத்துவிடுகிறார்கள்."

மெக்கானிக் நிமிர்ந்தார். "சார், என் மச்சான் இன்னும் வரல. அப்படித்தானே?"

"சந்தேகமே இல்லை."

"வராத ஆளை நான் கூட்டிட்டுப் போனா ஆட்சேபணை உண்டா?"

அதிகாரி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "விதிகளில் தடை இல்லை. ஆனால் கட்டில் வந்துவிட்டது. அதை எடுத்துப் போகக் கூடாது."

மெக்கானிக் மச்சானைக் கைக்குழந்தை மாதிரி வாரி எடுத்துக்கொண்டு நடையைக் கடந்து ஓடினார். பழைய சர்ஜன் வயிற்றில் கை வைத்தார். "மண்ணீரல் கிழிஞ்சிருக்கும் போலிருக்கே. இவ்வளவு நேரம் எங்கய்யா வச்சிருந்தே?"

"துரிதப் பிரிவுல டாக்டர்."

"சரி, வெளிய நில்லு."

மண்ணீரல் போயிற்று, மச்சான் பிழைத்தான்.

பிறகு ஆராய்ச்சி முடிவை அறிவிக்க விழா எடுத்தார்கள். எந்த உறையோ அந்தப் பிரிவுக்கே நோயாளி சொந்தம் என்பது ஆராய்ச்சி தர்மமாம். பிழைத்துவிட்டபடியால், மச்சான் துரிதப் பிரிவுக்கு வந்திருந்ததாகவே முடிவு செய்யப்பட்டது. நன்றி சொல்ல மெக்கானிக்கை மேடைக்கு அழைத்தார்கள்.

கிழிகிழியென்று கிழிப்பது என்றுதான் அவர் ஏறினார். ஆனால் வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் ஓர் அட்டை விழுந்தது: "நோயாளிகளின் பிரதிநிதி". உறை பிரிக்காமலே ஆயுள் முழுவதும் நேராகத் துரிதப் பிரிவுக்குள் போகலாமாம். சகலைக்குக்கூட அந்தச் சலுகை கிடையாது. மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"துரிதப் பிரிவு மாதிரி உலகத்துலயே கிடையாதுங்க!"

மச்சான் விசிலடித்தான். அரங்கம் அதிர்ந்தது. அந்தக் கைதட்டலோடு கைதட்டலாக, வழக்கப் பிரிவை மூடும் தீர்மானமும் நிறைவேறியது. பழைய சர்ஜனைக் கடிகாரத்துக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள்.

சில மாதம் கழித்துப் பட்டறையில் ஜாக்கி நழுவி, லாரி அப்படியே மெக்கானிக்கின் இடுப்பில் இறங்கியது. மச்சான் அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தான். அதிகாரி அட்டையைப் பார்த்ததும் கைகூப்பினார். கடிகாரம் நின்றுகொண்டிருந்தது.

"அத்தான், எதிர்ப்பக்கம் தூக்கிட்டு ஓடிடவா?"

"அங்க பூட்டுத் தொங்குதுடா. நீதானே விசிலடிச்ச!"

அதிகாரி குனிந்து, பரிவோடு அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"கவலை வேண்டாம், பிரதிநிதி அவர்களே. நீங்கள் பிழைத்துவிட்டால், வந்ததாக எழுதிக்கொள்கிறோம்."