நடுவில் நிற்கும் மரியா

சேசு மரி சூசை துணை

பாசிர் ரிஸ்,
12.10.1989

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் சிலுவைராஜ் அவர்களுக்கு, சூசைநாதன் பணிவுடன் எழுதுவது. தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் நிம்மதியைத் தவிர அனைத்தும் நலம். பிடோக்கில் தங்கள் வீட்டுக்கு ஒரு போன் போட்டிருப்பேன். ஆனால் போன் பக்கத்திலேயே மகள் ஆனி உட்கார்ந்திருக்கிறாள்.

தாங்கள் பேசி முடித்த மாப்பிள்ளை மரிய அந்தோணி விஷயம்தான். வரும் ஞாயிறு கோயிலில், தடை சொல்ல யாரும் உண்டா என்று கேட்டுக் கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார்கள். அதற்குள் சாமியாரிடம் சொல்லி நிறுத்துங்கள். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படிக்கும் ஆனி, தான் எழுதிய புரோகிராமை நேற்று வீட்டுக் கம்ப்யூட்டரில் எனக்குக் காட்டினாள். "விருந்தாளிங்களுக்கு கெஸ்ட்னு ஒரு கிளாஸ், ஒரு அச்சு மாதிரிப்பா. புரோகிராம் பேரோட அதே லைன்ல ஆளுங்க பேரையும் அடிச்சா, ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது ஒரு ஆளு, வந்துரும். அந்தப் பேருங்களைத்தான் ஆர்கியுமெண்ட்னு சொல்றது" என்றாள். பெயரைச் சொன்னாலே ஆர்கியுமெண்டா, சண்டையா என்று முதலில் சந்தேகப்பட்டேன். உங்கள் தங்கையிடம் என் அக்காள் பெயரைச் சொன்னாலும் அதுதானே நடக்கிறது என்று பிறகு நம்பினேன். அடுப்பில் பால் பொங்குகிறதென்று அவள் ஓடிய நேரம், நானே ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் அவள் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் அடித்தேன். மெஷின் மூன்று பேர் என்கிறது! ஒன்று ஆனி, இரண்டு மரியா, மூன்று அந்தோணி. என் மகளுக்கும் அந்தோணிக்கும் நடுவில் நிற்கும் இந்த மரியா யார்? பொய் சொல்ல மெஷினுக்கு நம்மிடம் என்ன பகை? போன மாதம் அவன் டோபி காட் பக்கம் யாருக்கோ காத்து நின்றதை நானே பார்த்தேன். கேட்டதற்கு, "பஸ்ஸுக்கு நிக்கிறேன் மாமா" என்றான். நெருப்பில்லாமல் புகையுமா? எனக்கு இருப்பது ஒரே பெண், மச்சான். பயமாக இருக்கிறது.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆண்டவர் ஆசீர் நிறையட்டும்.

இப்படிக்கு,
சூசைநாதன்

பி.கு.: ஓலையை நிறுத்த வேண்டாம். கடிதத்தை ஆனி படித்துவிட்டாள். "பேருக்கு நடுவுல இடம் விட்டா மெஷினுக்கு அது ரெண்டு ஆளு லா! மேற்கோள் குறிக்குள்ள போடணும்ப்பா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நான் நம்பவில்லை. அடையாள அட்டையில் இருப்பதுபோல் என் பெயரையே இடம் விட்டு அடித்துப் பார்த்தேன். சூசை ஒருவர், நாதன் ஒருவர். பின்னால் நின்ற உங்கள் தங்கை பிலோமினம்மாள் சொன்னாள்: "இருபத்தஞ்சு வருஷமா ரெண்டு பேருக்கா ஆக்கிப் போட்டேன்? அதான் வீட்டுல அரிசி நிக்கவே மாட்டேங்குது!"