டிகாக்‌ஷனில் ஊறிய மரபு

பழமையைப் போற்றியவர்கள் உலகில் பலர் உண்டு. பழமையைத் தன் பட்டறையிலேயே தயாரித்து, கேட்ட அளவில், கேட்ட நிறத்தில், வீட்டுக்கே அனுப்பிவைத்த மகான் நம் தலைவர் ஒருவர்தான்.

அரசியலுக்கு வருமுன் அவர் பழம்பொருள் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் பட்டறை. திங்கட்கிழமை பட்டறைக்குள் போகிற புது நாற்காலி, வெள்ளிக்கிழமை முந்நூறு வயதோடு கடைக்கு வரும். இந்த "வயதேற்றும் பிரிவு" முழுவதும் தலைவரின் மச்சான் பொறுப்பில் இருந்தது. மரத்தைச் சங்கிலியால் நாலு சாத்து சாத்துவார். டீ டிகாக்‌ஷனில் ஊறவைப்பார். டிரில்லை எடுத்துப் புழு அரித்த மாதிரி ஓட்டை போடுவார். புழுக்களே வந்து பார்த்தாலும் தங்கள் தாத்தா வேலை என்றுதான் நினைத்திருக்கும்.

பிறகு தலைவர் கடையை மூடி, "முன்னோர் வழிக் கட்சி" தொடங்கி, ஆட்சியையும் பிடித்தார். மச்சான் "மரபுத் துறைச் செயலாளர்" ஆனார். வேலை அதேதான், மரச் செலவு மிச்சம். காலையில் தலைவருக்குத் தோன்றுகிற யோசனைக்கு மாலைக்குள் முந்நூறு வயது ஏற்றிவிட வேண்டும். சாலைப் பள்ளத்தைப் பற்றி நம் முன்னோர்கள் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை என்பது அவர் "கண்டெடுத்த" மரபு. ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்பது நம் பண்பாட்டிலேயே கிடையாது என்பது இன்னொன்று. ஜனங்கள் புல்லரித்துப் போனார்கள்.

இவ்வளவு உயர்ந்த பதவியைச் சம்பளம் கொடுத்துக் கொச்சைப்படுத்தத் தலைவருக்கு மனம் வரவில்லை. மச்சான் வீட்டில் அடுப்பு எரிந்தது மகளால்தான். அவள் டவுன் பஸ் டிரைவர்.

ஒருநாள் தலைவர் மச்சானைக் கூப்பிட்டனுப்பினார். பஸ் டிரைவர்கள் சம்பள உயர்வு கேட்டு ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள்.

"மச்சான், டிரைவருங்கள்ல பாதிப் பேர் பொம்பளைங்க. அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டா ஸ்டிரைக்கும் பாதியாயிடும். பொம்பளைங்க வண்டி ஓட்டுறது நம்ம மரபு இல்லைன்னு ஒண்ணு தயார் பண்ணு. நாளைக்குச் செயற்குழுவுல தீர்மானம் போட்டுடலாம்."

"அத்தான், அந்தக் காலத்துல பஸ்ஸே கிடையாதே!"

"அதான் நமக்கு வசதி. ஓட்டினாங்கன்னு எவனாவது நிரூபிக்க முடியுமா?"

"நம்ம பொண்ணும் டிரைவர்தான் அத்தான்."

"கொள்கைன்னு வந்துட்டா நான் சொந்தபந்தம் பாக்குறதில்ல" என்றார் தலைவர். செயற்குழுவில் இருக்கிற அவருடைய தம்பி, சித்தப்பா, இரண்டு மாப்பிள்ளைகள் ஆகியோரே இதற்குச் சாட்சி.

மச்சான் நேராகப் பழைய பட்டறைக்குப் போனார். ஒரு பலகையை எடுத்துச் செதுக்கினார். ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்து குதிரை வண்டி ஓட்டுகிறாள். பின்னால் ஐந்தாறு ஆண்கள் பயந்துபோய் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மகள் பிழைப்பாயிற்றே என்று டிகாக்‌ஷனைக் கொஞ்சம் ஸ்ட்ராங்காகவே போட்டார்.

மறுநாள், கிணறு தூர்வாரும்போது கிடைத்ததாகச் சொல்லிப் பலகையைச் செயற்குழுவின் முன் வைத்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அசல்! நானூறு வருஷத்துக்குக் குறையாது" என்றார்.

தலைவர் பலகையை வாங்கி முகர்ந்தார். டீ வாசனை. ஓட்டைகள் மும்மூன்றாக, வரிசை தப்பாமல் இருந்தன. அவர் மச்சானை முறைத்தார். மச்சான் கூரையைப் பார்த்தார்.

"இது போலி" என்று சொல்லத் தலைவர் வாயெடுத்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எவனாவது கேட்டுவிட்டால்? செயற்குழு மொத்தமும் உட்காருவது அவர் கடையில் வாங்கிய நாற்காலிகளில். எடுத்த வாயை மூடிக்கொண்டார். மகள் வேலை தப்பியது என்று மச்சான் உள்ளுக்குள் துள்ளிக் குதித்தார்.

பெரிய மனிதர்களை அவ்வளவு சுலபமாக மடக்கிவிட முடியுமா? தலைவர் பலகையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் தழுதழுத்தது.

"நம்ம தாய்மாருங்க வண்டி ஓட்டியிருக்காங்க. ஒத்துக்கறேன். ஆனா நல்லாப் பாருங்க. யாராவது அவங்க கையில காசு குடுக்குற மாதிரி இதுல இருக்கா?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இல்லை.

"சேவையாத்தான் ஓட்டியிருக்காங்க!"

கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பதவியில் இருப்பவர் என்கிற முறையில் மச்சானும் கை தூக்கினார்.

வீட்டு வாசலில் மகள் யூனிஃபார்மோடு காத்திருந்தாள்.

"என்னப்பா ஆச்சு? வேலை இருக்கா?"

"வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லம்மா. சம்பளம்தான் நம்ம மரபுல இல்லையாம்."

பலகை செதுக்கிய கதையை அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சொன்னதே பொய். அதைச் சம்பளத்தோட சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"