முட்டையிட மறுத்த பழ ஈக்கள்

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. மினசோட்டாவில் விடியற்காலை முதலே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

ஆய்வு மாணவி கிரெட்சனின் பழ ஈக்கள் முட்டையிட மறுத்துவிட்டன.

ஆணுடன் கூடிய பெண் ஈக்கு, விந்தோடு வரும் சிறு புரதம் ஒன்று கட்டளையிடும்: முட்டையிடு, வேறு ஆணை அண்டவிடாதே. கண்ணுக்கே புலப்படாத ஒன்று ஓர் உயிரின் மனத்தை மாற்றிவிடுகிறதே என்னும் வியப்பு கிரெட்சனுக்கு இன்றளவும் தீரவில்லை. ஓரினம் இரண்டாகப் பிரிந்தால், தோற்றம் மாறாதிருக்க, இப்புரதம் மட்டும் விரைந்து மாறிவிடும். ஓரினத்தின் கட்டளை மற்றதற்கு விளங்காது என்பது அவளது கணிப்பு. அதை நிரூபிக்குமுன், சொந்த இனத்து ஆணுக்கேனும் இவை முட்டையிட வேண்டுமல்லவா?

"நாலு மணிக்குள்ள ஒரு முட்டையாவது காட்டு. இல்லேன்னா இந்த ஆராய்ச்சிய மூட்டை கட்டிரு," என்றார் பேராசிரியர் மார்வின்.

"கொஞ்சம் கூச்சப்படுது போல, மார்வின்."

"ஈயா?"

கிரெட்சன் உணவில் ஈஸ்டை அள்ளிப் போட்டாள். அது கூழாகிப் பாதி ஈக்கள் ஒட்டிக்கொண்டன. வெப்பத்தைக் கூட்டினாள். குடுவைக்குள் வியர்த்து, மேலும் சில மூழ்கின. நேற்று ஆண் ஈக்கள் கொடுத்த பக்கத்து ஆய்வகத்து டுவேனிடமே மறுபடியும் ஓடினாள்.

"தாராளமா எடுத்துக்கோ. எங்கிட்ட ஆம்பளைக்கா பஞ்சம்!" என்றான் அவன்.

உருப்பெருக்கியில் கண்ட காட்சி அவளைப் பதறவைத்தது. புதிய ஆண்களை உதைத்து விரட்ட வேண்டிய பெண் ஈக்கள், இன்முகத்துடன் வரவேற்றன.

"நேத்துதானேடி ஒருத்தன்! வெக்கமே இல்லையா உங்களுக்கு?"

மார்வினும் குனிந்து பார்த்தார். "உன் பேச்சையும் கேக்கல, புரதத்தோட பேச்சையும் கேக்கல. போதும்மா, பிணவறைல கொட்டிரு."

பிணவறை என்பது, வேண்டாத ஈக்களைக் கொட்டும் எரிசாராயப் புட்டி. கண்கள் கலங்க, கிரெட்சன் குடுவையைச் சாய்த்தாள்.

கதவை இடித்துக்கொண்டு டுவேன் ஓடிவந்தான்.

"கொட்டிராத கிரெட்சன்! ரெண்டு தடவையும் மாத்திக் கொடுத்துட்டேன்! அந்த ஆம்பளைங்க உன் ஈங்களோட இனமே இல்ல, அச்சு அசலா அதே மாதிரி இருக்கிற பங்காளி இனம்!"

கிரெட்சன் குடுவையைச் சட்டென நிமிர்த்தி, ஒரு முட்டைகூட இல்லாத அந்தக் கூழைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது மணி மூன்று ஐம்பத்தெட்டு.