சம்பந்திகள் இருவரும் மனமொத்துப் பிரிவது குறித்து

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய, இன்னும் சில மாதங்களுக்கு மட்டும் சம்பந்தியாகிய பி.டி. மாஸ்டர் அவர்களுக்கு,

இங்கே நானும் மகளும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ‘மாப்பிள்ளை’ என்று எழுதலாமா கூடாதா என்று பேனாவை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் யோசித்தேன். தீர்ப்பு வரும்வரை எழுதலாம் என்றுதான் படுகிறது, எழுதிவிட்டேன்.

வழக்கு முடிகிறவரை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசிக்கொள்ள வேண்டாம், பேசினால் புதிதாக ஏதாவது கிளம்பும் என்று வக்கீலம்மா போன செவ்வாய்க்கிழமை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடிதம் எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பஸ் டெப்போவில் முப்பத்து நான்கு வருடம் டைம் கீப்பராக இருந்தவனுக்கு எது எப்போது புறப்படும், எப்போது போய்ச் சேரும் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் விவாகரத்தின் நடைமுறையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். முதலில் இருவரும் சேர்ந்து மனு, பிறகு ஆலோசகரிடம் பேச்சு, பிறகு ஆறு மாதம் சும்மா உட்கார்ந்திருத்தல், பிறகு மறுபடியும் போய் “ஆமாம், இப்பவும் அதே முடிவுதான்” என்று சொல்லுதல், பிறகு தீர்ப்பு. சும்மா உட்காரும் ஆறு மாதம் எதற்கு என்று கேட்டேன். “மனசு மாறலாம் சார்” என்றார் வக்கீலம்மா. யார் மனசு என்று கேட்டேன். அவர் அடுத்த கட்சிக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்.

போட்டோ விஷயம் தனி. கல்யாணத்தை ரத்து செய்ய வேண்டுமானால் கல்யாணம் நடந்தது என்று முதலில் நிரூபிக்க வேண்டுமாம். ஆல்பம் மகள் கையில் இல்லை, மாப்பிள்ளை கையிலும் இல்லை. என் பீரோவில் இருந்த ஒரே படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் நீங்களும் நானும் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறோம். உங்கள் காதுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் முழங்கையும், என் வயிற்றுக்குப் பக்கத்தில் மகளின் புடவை ஓரமும் தெரிகின்றன. வக்கீலம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல கல்யாணம் யாருக்கு சார்?” என்றார். சம்பந்தியம்மாவிடம் வேறு படம் இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.

இனி கோர்ட்டில் நேற்றைய கூத்து. நீங்கள் வழக்கம்போல் இருபத்திரண்டு நிமிடம் தாமதம், ஆகவே முதல் பாதி உங்களுக்குத் தெரியாது. வக்கீலம்மா மாடியில் வேறு வழக்கில் இருந்தார். மனுவைக் கீழே மனு வாங்கும் ஜன்னலில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லியிருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் குமாஸ்தா நிமிரவே இல்லை, கையெழுத்துப் பக்கத்தை மட்டும் புரட்டிக்கொண்டு, “முதல் மனுதாரர் யாரு?” என்றார். கையெழுத்து என்னுடையதாக இருந்தது, “நான்தாங்க” என்றேன். “ரெண்டாவது மனுதாரர்?” “வந்துக்கிட்டே இருக்காருங்க.” “எத்தனை நாளா பிரிஞ்சு இருக்கீங்க?” எனக்குப் பொய் வராது. “போன செவ்வாய்க்கிழமையிலேர்ந்துங்க” என்றேன். “அதெல்லாம் பத்தாது, ஒரு வருஷமாவது ஆகணும். சேர்ந்து வாழ வாய்ப்பு ஏதாவது இருக்கா?” “என் பக்கம் எந்தத் தடையும் இல்லீங்க, அவரைத்தான் கேக்கணும்” என்றேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார், நீங்களும் அப்போதுதான் விசில் இல்லாத குறையாக மூச்சிரைக்க உள்ளே வந்தீர்கள். வரிசையில் நின்ற பதினேழு பேரும் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பின்னால் ஒரு அம்மாள், “பாவம், இந்த வயசுல” என்றது என் காதில் விழுந்தது.

மனுதாரர் இடத்தில் நானும் நீங்களும், சாட்சி இடத்தில் பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மனு திரும்பிவிட்டது. உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, காகிதம் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தது. பென்சிலால் புள்ளி வைத்திருந்த இடத்தில் நான் போட்டேன். ஆஸ்பத்திரி லேபுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிக்கொண்டிருந்த மகள், நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போனாள். நீங்கள் ஆயிரம் பிள்ளைகளின் விளையாட்டுச் சான்றிதழில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழகியவர், மிச்சமிருந்த இடத்தில் போட்டிருப்பீர்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மகளிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பா, வேணும்னே பண்ணீங்களா?” என்றாள். “கண்ணாடி போடலைம்மா” என்றேன். “கண்ணாடி எங்க இருந்துச்சு?” “சட்டைப் பையில.” அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. “எனக்கும் அவருக்கும் சண்டை இல்லப்பா. ஆனா ஒரே வீட்டுல இருந்தா எனக்கு மூச்சு முட்டுது. நாங்க ரெண்டு பேரும் முடிச்சுட்டோம். நீங்கதான் முடிக்க விடமாட்டேங்கறீங்க” என்றாள். தவறு என்னுடையதுதான், மாஸ்டர்.

உண்மையைச் சொல்கிறேன். மகளின் வாழ்க்கையைப் பற்றி எனக்குப் பயமில்லை, அவள் கெட்டிக்காரி. எனக்கு என்னைப் பற்றித்தான் பயம். வீட்டுக்காரி காலமான பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை, அறுபத்து மூன்று வயதில் அரைக்கால் சட்டையை மாட்டி நீச்சல் குளத்தில் இறக்கியவர் நீங்கள். என் முதுகுக்குக் கீழே உங்கள் கை இருக்கும்வரை மிதக்கிறேன், எடுத்தால் மூழ்குகிறேன். இன்னும் அவ்வளவுதான் வந்திருக்கிறது. இதைப் பற்றி வக்கீலம்மாவிடம் கேட்டேன். “பிள்ளைங்க பிரிஞ்சா சம்பந்திங்க நிலைமை என்னம்மா? அதுக்கு எந்தப் பிரிவு?” அவர் சிரிக்காமல் சொன்னார்: “சம்பந்தின்னு ஒரு உறவே சட்டத்துல இல்ல சார்.” அன்று முழுவதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

எனவே முறையாக எழுதுகிறேன். வியாழக்கிழமை காலை பத்தரைக்குப் புது மனு. மாப்பிள்ளையை மனுதாரர் இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவேன். அதோடு நமக்குள் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். நீங்கள் கொடுத்த நீச்சல் கண்ணாடியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் வீட்டில் விட்டுவந்த என் குடையை அனுப்பிவிடுங்கள். இனி வழியில் பார்த்தால் நீங்கள் யாரோ, நான் யாரோ.

தாங்களும் தங்கள் குடும்பமும் எல்லா நலனும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டுகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு, என்னவாக இருந்தாலும், என் ஆசி.

இப்படிக்கு,
முதல் மனுதாரர் (தவறுதலாக)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். “நீச்சல் கண்ணாடி இத்துடன்னு இருக்கு, எங்கேப்பா, காணோம்?” என்றாள். பையிலிருந்து எடுக்க மனம் வரவில்லை என்றேன். “நான் பிரியறது அவரை. மாமாவை விடச் சொல்லி நான் எப்பவாவது கேட்டேனா?” என்றாள். பிறகு வக்கீலம்மா சொன்னதை அவளே நிதானமாக எனக்கு விளக்கினாள். சட்டத்தில் இல்லாத உறவை எந்தக் கோர்ட்டும் ரத்து செய்ய முடியாதாம். எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள். ஆகவே மேலே எழுதியதில் வியாழக்கிழமை பத்தரையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்குக் குளத்தில் இருப்பேன். நீங்கள் ஆறு ஐம்பத்திரண்டுக்கு வருவீர்கள், அதுவரை படியில் உட்கார்ந்திருக்கிறேன். குடை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கையை மட்டும் சொல்லாமல் எடுத்துவிடாதீர்கள்.