தீர்த்தம் குடித்த பிளாப்பி

அதிகம் பேசாதவர்களை உலகம் நல்லவர்கள் என்று எடுத்துக்கொள்கிறது. எழுபது வயது தாண்டியும் அதிகம் பேசாதவள் என்கிற முறையில் சொல்கிறேன், அது சரியில்லை. வாயாடி செய்கிற தப்பு அன்று சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறக்காதவள் செய்கிற தப்பு வெளியே வர ஒரு மாதம் ஆகும். அதற்குள் அவளுக்குப் பதிலாக வேறு யாராவது திட்டு வாங்கியிருப்பார்கள்.

எண்பதுகளின் கடைசியில், தர்மபுரியில் ஒரு மாடியில் இரண்டு அறை எடுத்து ஒரு சார் கம்ப்யூட்டர் ஆபீஸ் வைத்திருந்தார். ஆபீஸ் என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, சார், புரோகிராம் எழுதுகிற ரேவதி, அப்புறம் நான். நான் பெருக்கித் துடைப்பேன், டீ வாங்கி வருவேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். (ஏசி கம்ப்யூட்டருக்குத்தான், நமக்கில்லை என்று சார் முதல் நாளே தெளிவுபடுத்திவிட்டார்.)

ரேவதி கம்பைநல்லூர்ப் பெண். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்காக, நூல் மில்லில் எந்தச் சரக்கு எந்த மூலையில் கிடக்கிறது என்று சொல்லும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். முடிந்ததை பிளாப்பியில் ஏற்றி அங்கே அனுப்ப வேண்டும். அங்கே ஓர் அறையில் எல்லா ஊர்ப் புரோகிராம்களையும் வாங்கி ஒரு பெரிய கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பார்கள். லைப்ரரி என்று பெயர். லைப்ரரியில் சேராதவரை வேலை முடிந்ததாக அர்த்தமில்லை.

பிளாப்பி என்பது கையகலத்தில் ஒரு கறுப்புச் சதுர அட்டை. உள்ளே அப்பளம் மாதிரி மெல்லிய வட்டத் தகடு. அட்டையில் நீளவாக்கில் சின்னதாக ஒரு ஜன்னல் இருக்கும், அதன் வழியாகத் தகடு எட்டிப் பார்க்கும். கம்ப்யூட்டர் அந்த ஜன்னல் வழியாகத்தான் படிக்குமாம். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

முதலில் தபாலில் அனுப்பினார்கள். மடங்கிப்போய்ச் சேர்ந்தது. இனி ஆள் கையில்தான் அனுப்புவது என்று முடிவு செய்த சார், "ஆரோக்கியம்மா, உங்களுக்குக் கன்னடம் வருமில்ல?" என்று கேட்டார். நான் பிறந்தது எல்லைப் பக்கம், கன்னடம் வரும். எந்த பாஷையிலும் பேசத்தான் வராது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் தலையாட்டிவிட்டேன்.

எங்கள் வீடு அதியமான்கோட்டையில். மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறுவதற்காக பிளாப்பியை முந்தின சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் பாதர் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தம் எப்போதும் ஒரு இருமல் மருந்துப் புட்டியில் இருக்கும். வீட்டைவிட்டு எது கிளம்பினாலும், பரீட்சைக்குப் போகிற பிள்ளையோ காட்டுக்குப் போகிற விதைக் கடலையோ, கட்டைவிரலால் தீர்த்தம் தொட்டு ஒரு சிலுவை போட்டுத்தான் அனுப்புவோம். அந்தப் பெண்ணின் ஒரு மாத உழைப்பு கிளம்புகிறது. அதை மட்டும் எப்படிச் சும்மா அனுப்புவது?

உறைமேல் போட்டால் உறைக்குத்தானே ஆசீர்வாதம்? விதைக் கடலைக்கும் மூட்டையை அவிழ்த்துத்தான் தெளிப்போம். அதனால் பிளாப்பியை வெளியே உருவி, ஜன்னலில் தெரிந்த தகட்டின்மேலேயே நன்றாக அழுத்திப் போட்டேன். (அப்போதுதான் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தேன். கை கழுவினேனா என்று இன்றுவரை நினைவில்லை.)

பெங்களூரில் லைப்ரரிக்காரர் கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். பிளாப்பியைச் செருகினார். மெஷின் கல்லோடு அரிசியை அரைப்பதுபோல் சத்தம் போட்டது. "ஆகல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இங்கே கொண்டுவந்து போட்டால் இங்கேயும் படிக்கவில்லை. அனுப்புவதற்கு முன் படித்ததே என்று ரேவதி திகைத்தாள். சார் யோசித்து, பஸ்ஸில் எஞ்சின் பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள், சூடு பட்டிருக்கும் என்றார். அடுத்த தடவை இரண்டு பிளாப்பி, தகர டப்பா, சுற்றிப் பஞ்சு. எஞ்சினைவிட்டுத் தள்ளி உட்கார உத்தரவு. இரண்டுக்கும் சிலுவை போட்டு எடுத்துப் போனேன். இரண்டும் ஆகவில்லை. லைப்ரரிக்காரர் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் தூசி ஜாஸ்தியா என்று கேட்டார். அதைச் சாரிடம் அப்படியே சொன்னேன். விளைவு, தினமும் ஒரு தடவை துடைத்துக்கொண்டிருந்த ஆபீஸை மூன்று தடவை துடைக்கும்படி ஆயிற்று.

என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கேட்காமல் ஒரு குழம்புச் சட்டியைக்கூடத் திறக்க மாட்டாள் என்று பெயர் எடுத்திருந்தேன். மிச்சம் இருந்தது ரேவதி. அவள் சரிபார்க்காமலே அனுப்பிவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று சார் முடிவு கட்டினார்.

"செக் பண்ணித்தான் சார் குடுத்தேன்."

"அப்ப வழியில யாரு, பேயா வந்து அழிச்சுது? இந்தச் சனிக்கிழம லைப்ரரில சேரலீன்னா, திங்கக்கிழமையிலருந்து நீ வர வேணாம்மா."

ரேவதி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். நான் துடைப்பத்தோடு சுவரோரம் நின்றிருந்தேன். பேய் என்ற சொல் மட்டும் என் மனசில் தங்கியது. பேய் என்றால் அதற்கு மருந்து என்னிடம் இருந்தது. இந்தத் தடவை கூடுதலாகத் தெளிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆனால் சனிக்கிழமை ரேவதி டப்பாவை என்னிடம் கொடுக்காமல் தானும் கிளம்பிவிட்டாள். மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வாரம் முழுக்கச் சரியாகத் தூங்காதவள், காவேரிப்பட்டணம் வருமுன்னே கண் அயர்ந்துவிட்டாள். நான் டப்பாவை மெல்ல என் மடிக்கு மாற்றி, பையிலிருந்து புட்டியை எடுத்தேன். முதல் பிளாப்பிக்குப் போட்டு உறையில் செருகினேன். பஸ் குலுங்கியதில் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. இரண்டாவதை உருவும்போது அவள் விழித்துக்கொண்டாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"சிலுவ போடறேன் கண்ணு."

அவள் புட்டியைப் பார்த்தாள். என் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"இதுக்கு மின்னாடியும் போட்டீங்களா?"

"போடாம அனுப்புவனா?"

"எந்த எடத்துலக்கா?"

ஜன்னலைக் காட்டினேன். அவள் என் கையிலிருந்த பிளாப்பியை, தூங்குகிற குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்புறம் வெளியே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். ஓசூர் வரும்வரை பேச்சில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். இன்னொருவர் என்னிடம் பேசாமல் இருந்தால் எப்படியிருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

லைப்ரரியில் ரேவதி முதலில் சிலுவை போட்டதையே எடுத்துக் கொடுத்தாள். கல்லரிசிச் சத்தம் வந்தது. "ஆகல்லம்மா." மெஷினின் வாயைத் துடைத்துவிட்டு மற்றதைப் போடச் சொன்னாள். இந்தத் தடவை சத்தம் சீராக வந்தது. ரொம்ப நேரம் படித்தது. லைப்ரரிக்காரர் தலையசைத்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கின பிறகுதான் ரேவதி சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். என்னவென்று அவர் கன்னடத்தில் என்னைக் கேட்டார். நான் எனக்குக் கன்னடம் தெரியாது என்று கன்னடத்திலேயே சொன்னேன்.

திரும்பும்போது, பஸ் சூடுதான் காரணம் என்று சாரிடம் சொல்லிக்கொள்ளலாம், நீங்கள் பேசாமல் இருங்கள் என்றாள். நானும் நிம்மதியாக ஒத்துக்கொண்டேன். ஆனால் திங்கட்கிழமை சார் சீட்டைப் பார்த்ததும், "பாத்தியா, ஒழுங்கா செக் பண்ணுனா சேருது" என்றார். ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள். நான் டீ டம்ளர்களோடு நின்றிருந்தேன்.

"நாந்தாங்க சார்" என்றேன்.

அந்த ஆபீஸில் யாரும் கேட்காமல் நானாகப் பேசிய முதல் வார்த்தை அது. மிச்சத்தையும் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. சார் கோபப்படவில்லை. "சரிம்மா ரேவதி, எம்மேலதான் தப்பு" என்றார். பிறகு ஒரு அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினார்: பிளாப்பியில் விபூதி, சந்தனம், குங்குமம், தீர்த்தம், அத்தர் எதுவும் படக்கூடாது. (எந்த மதத்தையும் விட்டுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதினார்.) வெள்ளிக்கிழமைதோறும் கம்ப்யூட்டர் நெற்றியில் அவர் வைத்துவந்த சந்தனக் குங்குமம், அந்த வாரத்திலிருந்து மேசைக் காலுக்கு இறங்கியது.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டாலும், டிவியில் படம் வராவிட்டாலும் முதல் விசாரணை என்னிடம்தான்.

இப்போது மருமகள் வீட்டிலிருந்தே பெங்களூர்க் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். முடித்த வேலையை எங்கேயோ ஏற்றி வைக்க வேண்டுமாம். சில நாள் ஏறாது, திரையில் சிவப்பாக என்னவோ வரும். உடனே உள்ளேயிருந்து குரல் வரும்:

"அத்தே, இன்னிக்கி இந்தப் பக்கம் வந்தீங்களா?"

"இல்லம்மா" என்பேன்.

வந்திருப்பேன். ஆனால் இப்போதெல்லாம் தீர்த்தம் தொடுவதில்லை. வெறும் விரல்தான்.